உறிஞ்சியார் எடுத்த முடி

மெத்தைக் கடையின் மாடிக்கு உறிஞ்சியார் குடிவந்த நாள் முதல் ஊர் டாக்டர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வயிற்றின் மேல் செப்புக் குழாயை வைப்பார், உறிஞ்சுவார், கண் பிதுங்க ஓங்கரிப்பார். யாரோ வைத்த செய்வினை முடி உருண்டையாகக் கிண்ணத்தில் விழும். ஸ்கேனில் தெரியாததெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியுமாம். இத்தனைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் குழாயை வைப்பார்!

அவரைப் பார்க்க நின்ற வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் நின்றார். அவர் மனைவிக்குத் தொப்புளுக்கு மேலே விடாத வலி, கூடவே காய்ச்சல். ஒரு டாக்டர் அல்சர் என்றார். இன்னொருவர் பித்தப்பை என்றார். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை சமர்த்தாக இருந்தது. மூன்றாமவர், எல்லாம் மனசுதான் என்று முடித்துவிட்டார்.

"மனசுக்குக் காய்ச்சல் வருமாங்க?" என்று அவள் கேட்டதும், அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். சோறு இறங்காமல் அவள் துரும்பாய் இளைப்பதைப் பார்த்துப் பார்த்து, மெக்கானிக்குக்குப் பயத்தில் புத்தி கழன்றுவிட்டது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா, இங்க இழுத்துட்டு வர்றீங்களே!"

"இந்த ஒரு தடவை வாடி. உன் கால்ல வேணா விழறேன்."

பெண்கள் மேல் தன் பார்வைகூடப் படக்கூடாது என்பது உறிஞ்சியாரின் ஒழுக்கம். கடைச் சரக்கு அடுக்கியிருந்த திரை மறைவில், தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு படுக்க வேண்டும். பேசக் கூடாது. பிறகுதான் திரை விலகும்.

அவள் உள்ளே போனாள். திரை விலகியது. உறிஞ்சியார் குழாயை வைத்தார்.

"அடடா! சொந்தக்காரங்க வச்ச மருந்து. குடலையே சுத்தியிருக்கு. விட்டிருந்தா உயிரே போயிருக்கும்!"

உறிஞ்சினார். ஓங்கரித்தார். உருண்டை விழுந்தது. கூட்டம் வாய் பிளந்தது. மெக்கானிக் விம்மி விம்மி அழுதார்.

"எழுந்திரும்மா, நோய் போயிடுச்சு."

துணி அசையவில்லை.

"எழுந்திரும்மா!"

"நான் இங்க இருக்கேங்க" என்று சரக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். துணியை உருவினாள். கட்டிலில் ஒரு நீளத் தலையணை, விலைச்சீட்டோடு சுகமாகப் படுத்திருந்தது. "இது வயித்துல பஞ்சுதானே இருக்கு? முடி எங்கேருந்து வந்துச்சு?"

"அது... தலையணைக்கும் வைப்பாங்கம்மா."

"யாரு? பக்கத்து மெத்தையா?"

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் உறிஞ்சியாரின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். அடுத்த நோயாளிக்கான உருண்டை கன்னத்துக்குள் தயாராக இருந்தது.

மெக்கானிக் வெட்கத்தோடு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்கும் இன்னும் தெரியலம்மா. தெரியற வரைக்கும் தேடுவோம்" என்றார். தேடினார். கல்லீரலிலிருந்து தொப்புளுக்கு ஓடும் மெல்லிய இணைப்புப் பட்டையில் சீழ் கட்டியிருந்தது. அபூர்வத்திலும் அபூர்வமான நோய். சீழை எடுத்தார்கள். அவள் பிழைத்தாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தேடுகிறவரை நம்பமாட்டோம். எல்லாம் தெரியும் என்கிறவன் முன்னால் துணியைப் போர்த்திக்கொண்டு படுப்போம். நமக்கு மூளை இருக்கிறதா என்பதை எந்த ஸ்கேனில் பார்ப்பது?