தீர்ப்புக்கு முன் ஒரு பொன்னாடை

மேடை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அங்கே யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் எங்கள் ஆட்களால் வீடு திரும்ப முடியாது. நடன ஆசிரியையோ, ஓய்வுபெறும் தொழிற்சாலை மேலாளரோ, தோள் தப்பாது. பாடன் என்ற ஊரில், புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஜெனீவாவில் மனித உரிமைச் சட்டத்தில் முதுகலை படித்த காலத்தில் அடியோடு மறந்துபோனேன். (படிப்புக் கூடினால் இப்படித்தான்.)

அப்போது என் தலைக்கனத்துக்கு அளவில்லை. டிராமில் ஏறினால் தடித்த சட்டப் புத்தகத்தை, அட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் நிறுத்தி வைத்திருப்பேன். விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவும்போதும் தண்ணீர்க் குழாயைப் பார்த்து வாதாடுவேன். மாதிரி நீதிமன்றப் போட்டியில் நானும் மார்ட்டா என்ற தோழியும் ஓர் அணி. வென்றால் ஸ்ட்ராஸ்பூர்க்கில், உண்மையான மனித உரிமை நீதிமன்றத்திலேயே, இறுதிச் சுற்று. அங்கே கறுப்பு அங்கியோடு எழுந்து நிற்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"பிள்ளை, அது என்ன மாதிரி நிகழ்ச்சி?" என்று அப்பா தொலைபேசியில் கேட்டார்.

விளக்கம் சொல்லப் பஞ்சி, சோம்பல்தான். "அரங்கேற்றம் மாதிரித்தான் அப்பா. படிச்சதை எல்லாருக்கும் முன்னால செய்து காட்டுறது."

"அப்ப விளக்கு ஆர் ஏத்தினம்?"

"விளக்கு இல்லை."

"சரி, அது அவையின்ரை முறை. பிரதம விருந்தினர் ஆர்?"

"மூண்டு நீதிபதிகள் வருவினம். நடுவில இருக்கிறவர் பெரிய ஆள்," என்றேன். என் கதையை நானே முடித்துக்கொண்ட இடம் அதுதான்.

அன்றைக்குக் குடும்பமே வந்து முன்வரிசையைப் பிடித்தது. அம்மா காஞ்சிபுரம் சேலையில், அப்பா கோட்டில். லுசேர்ண் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் சித்தப்பா ஒரு கையில் வீடியோ கேமராவும் மறுகையில் ஒரு பெட்டி பொரித்த இறைச்சி ரோல்ஸுமாக வந்திருந்தார்.

எங்களுக்குத் தந்த கற்பனை வழக்கு இது: ஒருவர் வழக்கில் தோற்கிறார். பிறகு பார்த்தால், தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு எதிர்த்தரப்பு ஒரு கூடை வைன் கொடுத்திருக்கிறது. தோற்றவருக்காக நான் வாதாடினேன். "அந்தக் கூடை நீதிபதியின் மனதை மாற்றாமலே இருந்திருக்கலாம். அது பிரச்சினையில்லை. பார்க்கிறவர் மனதில் ஐயம் எழுந்தாலே அவர் விலகியிருக்க வேண்டும்," என்று பிரெஞ்சில் முழங்கினேன். ஒரு சொல்லும் விளங்காத அப்பா சரியான இடங்களிலெல்லாம் தலையாட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாதங்கள் முடிந்தன. நீதிபதிகள் கலந்து பேசிவிட்டு வருவதற்காக எழுந்தார்கள். அப்போதுதான் அப்பா எழுந்து நடப்பதைக் கண்டேன். கையில் ஒரு கடைப் பை. பைக்குள் இருந்து சரிகை மின்னியது. எனக்கு நான்கு மொழிகள் தெரியும். எதில் தடுப்பது என்று தேடுவதற்குள் அவர் மேசையை எட்டிவிட்டார்.

நடு நீதிபதியின் தோளில் பொன்னாடை விழுந்தது. சித்தப்பா முன்னால் ஓடிப்போய்ப் படமெடுத்தார். அப்பா கைகூப்பி, தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில், "ஹெர் ரிஷ்டர் (நீதிபதி ஐயா), அது என்ரை மகள்," என்று என்னைக் காட்டினார்.

எதிரணிப் பையன் எழுந்தான். தன் குறிப்புகளை அவன் திறக்கவேயில்லை. என் வாதத்தைத்தான் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னான். (என்னைவிட நன்றாகவே சொன்னான்.)

நீதிபதி கோபப்படவில்லை. சரிகைக் கரையை விரலால் தடவிப் பார்த்தபடி, இது எதற்கு என்று கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"வந்திருந்து பொறுமையாக் கேட்டதுக்கு, பிள்ளை. தீர்ப்புக்கில்லை எண்டு வடிவாச் சொல்லு."

சொன்னேன். "நான் நம்புகிறேன். ஆனால் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?" என்றார் நீதிபதி. அதற்குப் பதில் இருக்க முடியாது என்றுதானே அவ்வளவு நேரமும் வாதாடியிருந்தேன். அவர் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு வழக்கிலிருந்து விலகினார். மற்ற இருவரும் என் வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதன்படியே, ஐயத்தைக் கிளப்பிய எங்கள் அணியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மார்ட்டா மூன்றாவது ரோல்ஸ் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

"நான் கெடுத்துப்போட்டன் என்ன?" என்று அப்பா பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்போது அந்த நீதிபதி வந்து, "வழக்கு முடிந்துவிட்டது. இனி அதை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே ரோல்ஸும் சாப்பிட்டார்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மரியாதை எந்த இடத்தில் கைக்கூலியாகிறது? ஓர் ஊரில் கொடுத்தால் குற்றம், இன்னோர் ஊரில் கொடுக்காவிட்டால் குறை. இது ஏன்? கடைசியில் என் ஆய்வுக் கட்டுரையே அதைப் பற்றித்தான். அப்பாவின் பெயர் அதில் இல்லை. பொன்னாடை இருக்கிறது.

வீட்டில் இப்போதும் விருந்தாளிக்கு முன் யாராவது வடையில் கைவைத்தால், "தீர்ப்பு வந்திட்டுதோ?" என்று அம்மா கேட்பார். போன வருடம் பாடன் பதிவு அலுவலகத்தில் எனக்குக் கல்யாண எழுத்து நடந்தது. பதிவாளர் கடதாசியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் காலடியில் ஒரு பை சரசரத்தது. அம்மா அவருடைய முழங்கையை எட்டிப் பிடித்தார்.

"இஞ்சருங்கோ, பொறுங்கோ. பிள்ளை முதல் கையெழுத்து வைக்கட்டும்."

வைத்தேன். மாப்பிள்ளையும் வைத்தார். பதிவாளர் முத்திரை குத்தினார். அப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத்தான் பார்த்தார்.

"தீர்ப்பு வந்திட்டுதோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. இனிப் போடலாம்."