அரை இஞ்சும் என் ஐந்து பேன்ட்டுகளும்

கல்பாக்கம் பக்கத்தில் யாருக்கு உடம்பைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், டாக்டரிடம் போவதற்கு முன் அரை இஞ்சைப் பார்த்துவிடுவது நல்லது. டாக்டருக்கு ரத்தம் வேண்டும், சிறுநீர் வேண்டும், சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம், சாப்பிட்ட பின் ஒரு தரம் வேண்டும். அரை இஞ்சுக்கு நீங்கள் சாலையைக் கடந்து வரும் பத்து விநாடி போதும்.

அரை இஞ்சு, புதுப்பட்டினம் கடைத்தெருவில் டெய்லர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். பதினோரு வருஷத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உலகத்தையே அவர் அரை இஞ்சுகளாகத்தான் பார்த்தார். "மழ இன்னா பேஞ்சிது, அரை இஞ்சு." "அரை இஞ்சுல பஸ்ஸ வுட்டுட்டியே சார்." அளவு எழுத நோட்டு கிடையாது. கடைச் சுவரே நோட்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் இடுப்பும் வருஷவாரியாக அங்கே சாக்பீஸில் ஏறியிருக்கும். ஈரோட்டிலிருந்து இங்கே ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்கு வந்த புதிதில் 'ஸ்டோர்ஸ் சார் - 34' என்று ஆரம்பித்த என் வரிசை, வளரும் பிள்ளையின் உயரத்தைக் குறித்ததுபோல மேலே மேலே போய் 40-இல் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பொழுது போகாவிட்டால் அதைப் படிப்பார்கள்.

பெல்ட் போட்டவரைக் கடைக்குள் விடமாட்டார். "பெல்ட்டு போட்டா என் தையல நம்பலன்னு அர்த்தம்."

பேன்ட்டின் பின்பக்கத் தையலுக்குள் எல்லா டெய்லர்களும் கொஞ்சம் துணியை மடித்து விடுவார்கள், பின்னால் பிரித்துவிட வசதியாக. நம் அரை இஞ்சு மட்டும் ரெண்டு இஞ்சு விடுவார். "கல்யாணத்துக்கு அரை, கொழந்தைக்கு அரை, ப்ரமோஷனுக்கு அரை, மிச்சம் மாமியார் வூட்டு விருந்துக்கு." எனக்கு ப்ரமோஷன் வரவில்லை. அதற்கு ஒதுக்கிய துணியையும் நான் மாமியார் வீட்டிலேயே தீர்த்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து, "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறையுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை, அதுவும் ஆயுசுக்கும்" என்றார். என் அப்பாவிடம் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா இருந்தது. கடைசி வருஷங்களில் சர்க்கரை அவர் காலில் ஒரு விரலையும் கொண்டுபோயிருந்தது. அந்த டப்பா எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். எப்படிக் குறைப்பது என்பதைத்தான் முடிவு செய்யவில்லை.

அலுவலகத்தில் ரெண்டு கட்சி. ஓட்டக் கட்சி, "ஓடினால்தான் சீக்கிரம் கரையும்" என்றது. சைக்கிள் கட்சி, "முட்டி போனால் அப்புறம் எதில் ஓடுவீர்கள்?" என்று கேட்டது. கேன்டீனில் உட்கார்ந்து ரெண்டு வாரம் இருதரப்பு வாதங்களையும் கேட்டேன். போண்டா நன்றாக இருந்தது. ஒரு கிலோ ஏறினேன்.

சாம்பல் நிற ஆபீஸ் பேன்ட்டுகள் ஐந்தையும் அள்ளிக்கொண்டு பிரித்துவிடச் சொல்லிப் போனேன். அரை இஞ்சு உள்ளே புரட்டிப் பார்த்தார்.

"இதுல பிரிக்கறதுக்கு இன்னா கீது? இனிமே உன்னத்தான் சார் புடிக்கணும்."

விஷயத்தைச் சொன்னேன். ஓட்டமா, சைக்கிளா?

"எனக்குத் துணி சொல்லும் சார். ஓடறவன் பேன்ட்டு இடுப்புல லூஸாயி வரும். சைக்கிள்காரன் பேன்ட்டு உக்கார்ற எடத்துல கிழிஞ்சு வரும். எங்க, தண்ணித் தொட்டி வரிக்கும் ஓடிட்டு வா, பாக்கலாம்."

பட்டப்பகலில் கடைத்தெருவில் ஓடினேன். மீன் கூடைகள் வழி விட்டன. ஒரு நாய் துரத்துவதற்காக எழுந்தது. என் வேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது அரை இஞ்சு கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ ஓடல சார். வுழுந்துகினே போற, வுழுந்துகினே வர்ற. முட்டி அழுவுறது இங்க கேக்குது. வேணாம். சைக்கிள் எடு."

"கிழியுமே?"

"அதுக்கு நான் கீறேன்ல?"

பழைய பேன்ட் ஒன்றின் உட்காரும் இடத்தில் இன்னொரு துணி வைத்து டபுள் சீட்டு தைத்துத் தந்தார். கைவசம் இருந்தது பேண்டு வாத்தியக்காரர்களின் சீருடையில் மிஞ்சிய சிவப்புத் துணி. மறுநாளிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்குப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒரு கணம் பிரேக் போட்டன.

முதல் நாள் மாமல்லபுரம் வரை பதினைந்து கிலோமீட்டரைப் பறந்து கடந்தேன். என்னிடம் இப்படி ஒரு வீரன் ஒளிந்திருந்தானா என்று எனக்கே ஆச்சரியம். அதைக் கொண்டாட ஒரு பொங்கல், ரெண்டு வடை. திரும்பும்போதுதான் தெரிந்தது, வீரன் நான் இல்லை, முதுகில் தள்ளிய தென்காற்று. எதிர்காற்றில் மிதித்து வீடு வந்தபோது சைக்கிள்தான் என்னை ஓட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமைதோறும் கடையில் ஆஜராக வேண்டும் என்பது உத்தரவு. கடை வாசலில் அவர் மனைவி இஸ்திரி மேசை போட்டிருந்தார். ஐந்து பேன்ட்டும் சனிக்கிழமை அங்கே போய் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும். அன்றைக்கு ஒன்றைத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நான் வெளியே வரவேண்டும். சுவரில் என் வரிசைமேல் மட்டும் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டுவிட்டார். "உன் நம்பரப் பாத்து ஜனங்க பயப்படுது சார்."

முதல் மாதம் பேன்ட் அதே பிடிப்பு.

"தினமும் மிதிக்கிறேனே, எப்படி?"

"வட," என்றார் சுருக்கமாக.

வடையை விட்டேன். அதே பிடிப்பு. "பொங்கல்." பொங்கலையும் விட்டேன். பொத்தான் போடும்போது மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் எடை மெஷின் இல்லை; இருந்ததைப் போன வருஷம் நானேதான் பரணில் ஏற்றினேன். அலுவலகத்தில் ஒவ்வொருவராக வந்து, "என்ன சார், சுகரா? முகமே ஒட்டிப்போச்சே?" என்று கேட்டார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

பத்தாவது வாரம் சைக்கிளைக் கடை வாசலில் சாத்தினேன். "அண்ணாத்த, இந்த உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நான் மாத்திரையே போட்டுக்கொள்கிறேன்."

அரை இஞ்சு தையல் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷின் நின்று நான் பார்த்ததில்லை.

"ரெண்டு வாரம் சார். எனக்காவ மிதி. அப்பால மாத்தர போட்டுக்கோ, விஷம் போட்டுக்கோ, நான் கேக்க மாட்டேன்."

மிதித்தேன். டாக்டரிடம் போகிற சனிக்கிழமை காலை என் மனைவி பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, இந்தப் பேன்ட்டுல பின்பாக்கெட் ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கப் போகுதுங்களா? இத்தன பக்கத்துல வந்து நிக்குது?"

கையை விட்டுப் பார்த்தேன். ஒரு காலத்தில் நாலு விரல் தள்ளி இருந்த பாக்கெட்டுகள் இப்போது தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. யோசிக்க நேரமில்லை.

டாக்டரின் மெஷின் ஒன்பது கிலோ குறைவு என்றது. அவர் என்னை இறங்கி ஏறச் சொன்னார். மறுபடியும் ஒன்பது. சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு உள்ளே வந்திருந்தது. மாத்திரை எழுதவில்லை.

மற்ற நாலு பேன்ட்டும் இஸ்திரிக்குப் போயிருந்த கடைக்கு நேராகப் போனேன். "அண்ணாத்த, பேன்ட்டை என்ன செய்தீர்கள்?"

அவர் காலண்டரைத் தூக்கினார். அடியில் 39½, 39, 38½ என்று படிப்படியாக இறங்கி 37-இல் நின்றது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் அரை இஞ்சு பிடித்திருக்கிறார், ஐந்து பேன்ட்டிலும்.

"லூஸாச்சுன்னு தெரிஞ்சா நீ அன்னிக்கே வடை துண்ணப் போயிருப்ப சார். பதினோரு வருஷமா உன்னப் பாக்கறேன்."

"அந்தத் துணியெல்லாம்?"

"உள்ளாறதான் கீது. வெட்டல." கத்தரியை எடுத்தார். வாழ்நாளில் யாருடைய மடிப்புத் துணியையும் வெட்டாத மனிதர், என் பேன்ட்டுகளின் உள்துணியை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கீழே போட்டார். நாலாவதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஐந்தாவது?" என்று போட்டிருந்ததைக் காட்டினேன்.

"தீவாளி வருதே சார்."

இப்போது நாங்கள் வடக்கே, சென்னையை ஒட்டிய நாவலூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். கீழேயே ஜிம் இருக்கிறது. ஓடுவதற்கு ஒரு மெஷின், மிதிப்பதற்கு ஒரு மெஷின். ரெண்டுமே எங்கும் போவதில்லை. போன வாரம் அந்த ஐந்தாவது பேன்ட்டை மாட்டிப் பார்த்தேன். அரை இஞ்சு லூஸு. உடனே போன் செய்தேன்.

"நேர்ல வந்து காட்டு சார். உன் வாய நம்பறதுக்கில்ல."

நாளைக்குச் சனிக்கிழமை. சைக்கிளுக்குக் காற்றடித்து, சிவப்பு டபுள் சீட்டு பேன்ட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். போகும்போது எதிர்காற்றுதான், பரவாயில்லை.