டிப்போ வரைக்கும் நின்ற வரிசை

எதிர்க்கடை வரிசையில் நிற்கிற கட்டம் போட்ட சட்டைக்காரன் நேற்றும் நின்றான், முந்தாநாளும் நின்றான். தினமும் டோனட் தின்கிற ஒருவன் இத்தனை ஒல்லியாக இருக்க முடியாது என்று கயலுக்குப் பட்டது.

கயல் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அம்மா கெங்கம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனையும் கூடையில் போடாத வீட்டில் வளர்ந்தவள், மனிதர்களிடமும் செவுளைத்தான் தேடுவாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. இப்போது அடையாறில் 'ரிங் ரோடு டோனட்ஸ்' கடையின் மேனேஜர். "நடுவுல ஓட்டை கீது, அதுக்கும் சேத்துத்தான் துட்டு வாங்குறியா?" என்று அம்மா கேட்பாள். கேட்டாலும், தன் பெண் மேனேஜர் என்பதைக் குப்பத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மேனேஜர் வேலைக்குத்தான் ஆபத்து. ஒரு காலத்தில் அந்தத் தெருவில் மட்டும் நாலு டோனட் கடைகள். ஒன்று பிரியாணிக் கடையாகிவிட்டது. இன்னொன்றில் செல்போன் கவர் தொங்குகிறது. மிச்சம் இருப்பது கயலின் கடையும் எதிர்க்கடையும்தான். கயலின் கடையில் ஈ கூட டோனட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஓனர் சாய்சரண் காரைவிட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். வாசலில் வரிசை இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஷட்டராம்.

இதே கடை திறந்த அன்றைக்கு வரிசை அடையாறு பஸ் டிப்போ வரைக்கும் நின்றது. கயல் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அரை நாள் வெயிலில் நின்று, பஸ் காசையும் சேர்த்துக் கொடுத்து ஒரு சாக்லேட் டோனட் வாங்கி, அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்து போனாள். வேலை தேடியபோது இந்தக் கடைக்கு வந்ததே அந்த வரிசையை நம்பித்தான். அதில் நின்று எடுத்த செல்பி இன்னும் அவள் போனில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோரிடமும் அதைக் காட்டிவிட்டுத்தான் ஏப்ரனைக் கொடுப்பாள்.

அப்படிப்பட்ட கடை ஈ ஓட்ட, எதிர்க்கடைக்கு மட்டும் எங்கிருந்து கூட்டம் வருகிறது?

எதிர்க்கடையின் பின்சந்தில் போய் ஒளிந்து நின்றாள். கட்டம் போட்ட சட்டைக்காரன் பின்கதவு வழியாக வெளியே வந்தான். பையிலிருந்து பச்சை டீ-ஷர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்கப் புறப்பட்டான். கயல் அவன் காலரைப் பிடித்தாள்.

அவன் பெயர் பிரபாகர். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குக் கூட்டம் அனுப்புகிற லாசரின் ஆள். வரிசையில் நிற்கிற மற்றவர்களும் அப்படியே. லாசரின் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் அவனால் காலரை விடுவித்துக்கொள்ள முடிந்தது.

ஊரை ஏமாற்றுகிற கும்பல் என்று திட்டத்தான் கயல் போன் போட்டாள். ஆனால் பேச்சின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. போனை வைக்கும்போது, வேனில் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரையும் அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"ரிங் ரோடு கடையா மேடம்?" என்றார் லாசர். "அந்த வாசல் எனக்கு இன்னா புச்சா? கவலைய வுடுங்க."

ஞாயிறு காலை வந்து நின்றார்கள். நன்றாகவே நின்றார்கள். நிற்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் நகரவில்லை. ஆக்ஷன் யார் சொல்வார்கள் என்று முதல் ஆள் கேட்டான். நிஜ வாடிக்கையாளர்கள் வந்து பார்த்தார்கள். இவ்வளவு கூட்டத்தில் யார் காத்திருப்பது என்று பிரியாணிக் கடைக்குள் போய்விட்டார்கள்.

உடனே கயல் ஓர் ஏற்பாடு செய்தாள். லாசரின் ஆட்கள் எல்லோரும் இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் காலிப் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இரண்டு முறை நடந்துவிட்டுப் பின்பக்கமாகத் திருப்பித் தர வேண்டும். ரப்பர் பேண்ட் இல்லாமல் வருகிறவர்கள் நிஜம், அவர்களை நேரே உள்ளே விடலாம்.

ஜலஜா மாமி மயிலாப்பூரிலிருந்து வந்திருந்தார். பேத்தி அனன்யாவுக்குப் பிறந்தநாள். பால் பாக்கெட், பூப் பொட்டலம், கறிவேப்பிலைக் கட்டு என்று வீட்டுக்குள் வருகிற ரப்பர் பேண்ட் எதையும் மாமி எறிவதில்லை. இடது கையில் வளையலோடு வளையலாக மாட்டிக்கொள்வார்.

மாமி பெட்டியோடு வெளியே வந்தார். கயல் கையைப் பார்த்தாள், ஒன்றல்ல, ஒரு கொத்து ரப்பர் பேண்ட். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், கனத்தது. திருட்டு என்று முடிவு செய்ய அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"மாமி, நடிச்சது போதும். பெட்டியக் குடுங்க."

"யாருடி நடிக்கறா? காசு குடுத்து வாங்கிண்டு போறேன்."

"டயலாக்கெல்லாம் பேசச் சொல்லி யாரும் உங்களைக் கூப்பிடலை. லாசர் அண்ணனாண்ட சொன்னா, அடுத்த வாட்டி வேனுல ஏத்த மாட்டாரு."

ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பெட்டி கிழிந்தது. டோனட்டுகள் உருண்டு ஓடி ஓர் ஆட்டோவின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டன. மாமி புடவையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நியாயம் கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாராம்.

காலையிலிருந்து சும்மா நின்று வெறுத்துப்போயிருந்த கூட்டத்துக்கு இப்போதுதான் உயிர் வந்தது. இந்தக் காட்சி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் செய்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தி முஷ்டியை உயர்த்தி "டோனட் கடை" என்றாள். வரிசை மொத்தமும் "ஒழிக" என்றது. சத்தம் கேட்டு எதிர்க்கடை வரிசை திரும்பிப் பார்த்தது. அதுவும் லாசரின் கூட்டம்தானே. பிரபாகர் தலைமையில் ரோட்டைக் கடந்து வந்து சேர்ந்துகொண்டது. பஸ் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் சாய்சரணின் கார் வந்தது. அவர் கேட்டதைவிடப் பெரிய கூட்டமே வாசலில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் காரைவிட்டு இறங்கினார். மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். கயலின் சட்டையிலிருந்த மேனேஜர் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார். தன் கையாலேயே ஷட்டரை இழுத்துவிட்டார்.

ஆட்களைக் கூட்டிப் போக வேனோடு வந்த லாசர், மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கயலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடைக்குத்தான் நிஜமாக ஜனம் வருகிறது என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க டுபாக்கூர் கூட்டத்தை வச்சு என் கடையை எடை போடாதீங்கண்ணே. ஒரு காலத்துல இதுக்கு நெஜமாவே ஜனம் வந்துச்சு. டிப்போ வரைக்கும் நின்னாங்க. நானே அந்த லைன்ல நின்னேன், தெரியுமா?"

போனை எடுத்து அந்த செல்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

லாசர் போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். படத்திலிருந்த அவள் முகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் வெயிலில் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் வேன் பக்கம் திரும்பினார்.

"டேய் பிரபாகரு, ஓடியா. தொறந்த அன்னிக்கு நம்ம ஆளுங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு மட்டும் நெஜமா துட்டு குட்த்து வாங்கிக்கினு போச்சே, யாருன்னு இத்தினி நாளா பேசிப் பேசி சிரிச்சிக்கினு கீறோமே, அது நம்ம மேடம்தான்டா."