மாடி ஏறாத பத்தொன்பது வருஷம்

பாசமுள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். என் முழங்கால்களின் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உன் இடுப்பு எலும்பு கூடிவருகிறதா, மாப்பிள்ளை வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாரா என்று அறிய ஆவல்.

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க அண்ணி" என்று நீ சொல்லி அனுப்பியது கிடைத்தது. நீ விழுந்து ஒரு மாதமாகிறது, கூடப்பிறந்தவன் எட்டிப் பார்க்கவில்லை என்று உனக்கு வருத்தம். எனக்கு மட்டும் வருத்தமில்லையா? நீ குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்டும் இல்லாத கட்டடம். இத்தனை வருஷமும் நீதான் இறங்கி வந்து வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாய். இப்போது உன்னால் இறங்க முடியாது, நான் ஏறக்கூடாது. நம் டாக்டர் பேச்சை நான் மீறமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா?

அவர் மாதிரி இனி யார் வரப்போகிறார்கள், சொல்லு. பாத்திரக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறினால் அவருடைய அறை. உனக்கு டைபாய்டு வந்தபோது அந்த இருபத்திரண்டு படியும் உன்னை முதுகில் சுமந்துகொண்டு ஏறினேனே, என் இரண்டு காதையும் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தாய். கம்பவுண்டர் மருந்துப் பாட்டிலில் வேளைக்கணக்குக்குக் காகிதம் கத்தரித்து ஒட்டித் தருவார். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்லைம்மா, ரெண்டு நாள்ல அண்ணன்கூடச் சண்டை போடுவே" என்றார். அந்தப்படியே போட்டாய். மருந்துச்சீட்டு என்று தனியாக எதுவும் அவரிடம் கிடையாது. சுவரில் தொங்கும் காலண்டரில் தாளைக் கிழித்து அதன் முதுகில்தான் எழுதுவார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் முழங்கால் வீங்கியபோதும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். கனம் தூக்கக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது, மாடி ஏறக்கூடாது. முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், எழுத்தில் இருப்பதை இம்மி பிசக விடுவேனா? அன்றைக்கே பசை தடவி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அப்புறம்தான் சங்கடம் புரிந்தது. அந்த டாக்டர் இருப்பதே மாடியில்! அதற்குப் பிறகு அவரிடம் போகவே முடியவில்லை. தெருவில் நின்று அவர் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்த அன்றும் எல்லோரும் மேலே போனார்கள், நான் பாத்திரக்கடை வாசலில் நின்று அழுதேன்.

அதிலிருந்து கீழ்த்தளத்தில் இருக்கும் டாக்டராகப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டியதாயிற்று. இருமலுக்குத் தோல் டாக்டரிடம் போனேன், களிம்பு கொடுத்தார். வயிற்றுவலிக்குப் பல் டாக்டர். "வாயைத் திறங்க" என்றார். "வலி வயித்துல சார்" என்றேன். "எல்லாம் வாய் வழியாத்தானே உள்ளே போகுது" என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார். வயிறு என்னமோ சரியாகிவிட்டது, மூன்று நாள் எதுவும் தின்ன முடியவில்லை அல்லவா.

போன வாரம் உன் அண்ணி தொல்லை தாங்காமல் புதிதாக வந்திருக்கும் எலும்பு டாக்டரம்மாவிடம் போனேன். அதுவும் கீழ்த்தளம்தான். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மூட்டுல பெரிசா ஒண்ணுமில்லை ஐயா. வேலையில்லாம தொடைச் சதைதான் வத்திப்போச்சு. மெதுவா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, தினம் கொஞ்சம் படி ஏறுங்க" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! என் டாக்டர் எழுத்தை அழிக்க இவள் யார்? "அந்தச் சீட்டைத்தான் கொண்டு வாங்களேன், பார்க்கலாம்" என்று சிரித்தாள். கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறேன். அண்ணி இப்போதே வெந்நீர்த் துணியை வைத்து ஒற்றி பீரோக் கதவிலிருந்து உரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் தங்கச்சி, என்மேல் கோபப்படாதே. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, இருந்தாலும் டாக்டர் வாக்கு வாக்குதான். சீக்கிரம் எழுந்து நடந்து, இறங்கி வந்து பெஞ்சில் உட்காருவாயாக. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: சீட்டு உரிந்து வந்தது. ஒன்றல்ல, இரண்டு தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தாளில் அவருடைய அதே எழுத்து: "இதெல்லாம் பதினைந்து நாளைக்குத்தான். பதினாறாம் நாள் மாடி ஏறி வந்து காட்டவும்." ஊரார் பக்கத்தையெல்லாம் புரட்டிப் பிழை பார்த்தவன், என் சொந்தச் சீட்டைப் புரட்டவில்லை. பாவம், அவர் பதினாறாம் நாள் என்னை எதிர்பார்த்திருப்பார். இதை உன் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே எழுதுகிறேன். கடிதத்தை அண்ணியிடம் கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். நீ வாசித்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன். வரவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து வாசி. கதவை மட்டும் சாத்தச் சொல்லாதே.