பத்தாயிரத்து ஏழு செங்கலும் மீதி அண்ணாச்சியும்

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில் மீதி அண்ணாச்சியைப் போல ஓர் எண்ணுக்கு உண்மையாக இருந்தவர் யாருமில்லை. பெண்டாட்டிக்கு உண்மையாக இருந்தவர்கள்கூட அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஏரலுக்கு மேற்கே ஒரு காளவாசலில் செங்கல் அடுக்கிக் கணக்குச் சொல்வது அவர் வேலை. எதைப் பார்த்தாலும் வகுப்பார். மீதி வந்தால் முகம் மலரும். பெயர் வந்தது அப்படித்தான். நான் வள்ளியூரிலிருந்து பட்டினியோடு நடந்து வந்து, அங்கே இரண்டு வேளைக் கஞ்சிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தேன்.

பாலத்து வேலைக்குக் கல் எடுக்கும் ஓவர்சியர் ஒருநாள் உத்தரவு போட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்ணிப் பெருக்கினால் கணக்கு வர வேண்டும். ஒரே அடுக்கு, ஓரத்தில் ஒரு கல்கூட மீதி நிற்கக் கூடாது. நின்றால் அடுக்கியவருக்கு வேலை இல்லை.

அண்ணாச்சி எண்ணினார். பத்தாயிரத்து ஏழு. கரித்துண்டை எடுத்துச் சுவர் முழுக்க வகுத்தார்.

“ஏழால வகுத்தா நாலு மீதி. பதிமூணால பத்து மீதி. தொண்ணூத்தேழால பதினாறு மீதி. பிரிய மாட்டேங்கு வே!”

“அதுக்கு மேலயும் வகுத்துப் பாரும்” என்றேன்.

“எதுக்கு? பெரிய எண்ணு ஒண்ணு வகுத்தா, அதுக்குச் சோடி நூத்துக்குள்ள இருக்கணும்லா? நூத்தியொண்ண நூத்தியொண்ணால பெருக்கினாலே பத்தாயிரத்து எரநூத்தியொண்ணு. தாண்டிட்டுல்லா!”

தீப்போடும் இசக்கி வழி சொன்னான். “ஒரு கல்லத் தூக்கி ஆத்துல போடும் அண்ணாச்சி. சோலி முடிஞ்சுது.”

“எண்ணினது ஏழுலே. ஆறுன்னு எந்த வாயால சொல்ல?”

“அப்ப ரெண்டு சேத்துக்கிடும்.”

சேர்க்கவும் மாட்டேன் என்றார். ஆனால் வகுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. மத்தியானக் கஞ்சி ஆறிப்போனது. திடீரென்று இசக்கியைக் கட்டிக்கொண்டு குதித்தார். “லே, பத்தாயிரத்து ஒம்பதும் பிரியல! ரெட்டப் பிள்ளைலே, ரெட்டப் பிள்ளை!”

மிஞ்சியது ஒரே வழி. அகலம் ஒன்று, உயரம் ஒன்று. அவரும் நானும் இரண்டு நாள் கல்லை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோம். வரிசை வாழைத் தோட்டத்தைச் சுற்றி, கள்ளுக்கடை வாசலைக் கடந்து, ஒன்றரை மைலுக்குச் சற்று முன்னால் முடிந்தது. அதன்மேல் விழாமல் நடந்து காட்டியவனுக்குத்தான் கடைக்காரர் அடுத்த கலயம் ஊற்றினார்.

ஓவர்சியர் வந்தார். “அடுக்கு எங்கேவே?”

“இதான் ஐயா. மீதி கெடையாது. பெருக்கிப் பாருங்க.”

அவர் எண்ணிக்கொண்டே நடந்தார். நாலாயிரத்துச் சொச்சத்தில் ஓர் எருமை குறுக்கே வந்தது. எண்ணிக்கை போயிற்று. அந்தக் கோபத்தில் அண்ணாச்சியின் வேலையும் போயிற்று.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

“தனியாவா போறீரு? சொந்தம்னு யாரும் இல்லையா?” என்று கேட்டேன்.

“நானும் அந்த எண்ணும் ஒரே மாதிரி வே. அது அதாலயே பிரியும். பொறவு ஒண்ணால பிரியும். வேற ஆளு கெடையாது.”

கொஞ்ச தூரம் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அந்த ஒண்ணு வருதா, இல்ல அங்கனயே நிக்கப்போவுதா?”

என் மூட்டை சின்னது. எடுக்க நேரமாகவில்லை.