ரசீதுக்காரரும் ஒன்றரை அடி நிலமும்

திருவண்ணாமலையில் ரசீதுக்காரரைப் போலத் தொல்லை பிடித்த மனிதர் கிடையாது. அவரைப் போல நேர்மையானவரும் கிடையாது.

வேங்கிக்காலில் நான் வாடகைக்கு இருந்த தெருவில்தான் என் காலி மனையும் இருந்தது. அதை ஒட்டி அவர் வீடு. மனிதர் கீரைக் கட்டுக்குக்கூட ரசீது கேட்பார்.

"நீ வேற பெரியவரே, கட்டுன தாலிக்கே ரசீது இல்ல, கீரைக்குக் கேக்குற!" என்று கீரைக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுவாரமே சொந்தச் செலவில் ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிட்டார். யார் காசு கேட்டாலும் கையெழுத்துக்கு அதை நீட்டுவார்.

அவருடைய குளியலறைச் சுவர் என் மனைக்குள் வந்திருப்பதாக எனக்குச் சந்தேகம். கடன்பட்டு வாங்கிய சின்ன மனை. ஒரு அடி போனாலும் எனக்கு ஒரு அறை போச்சு. அளக்கச் சொல்லி மனு போட்டு, அரசுக் கட்டணமும் கட்டினேன். நான்கு மாதமாக சர்வேயர் வரவில்லை. கேட்டால், "பௌர்ணமி வருதுங்க, கிரிவல டியூட்டி" என்பார். பௌர்ணமி முடிந்து கேட்டால், "டியூட்டி பாத்ததுல கால் வலிங்க" என்பார்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"கட்டணம் கவர்மென்ட்டுக்குங்க. கார் வெக்கணும், கல்லு நட ரெண்டு ஆளு, எல்லாருக்கும் பிரியாணி. அப்புறம் நீங்களா பாத்து ஏதாவது செய்யுங்க."

கூட்டிப் பார்த்தால் கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு. ஆனாலும் கவரில் போட்டு வைத்தேன். எனக்கு வெட்கம் இல்லை, வீடுதான் வேண்டும்.

அளக்க வந்த அன்று கவரை நீட்டினேன். ரசீதுக்காரர் தன் ரசீதுப் புத்தகத்தோடு குறுக்கே புகுந்தார்.

"தாராளமா வாங்கிக்கங்க சார். இதுல ஒரு கையெழுத்து. எதுக்காகன்ற எடத்துல 'நீங்களா பாத்து'ன்னு எழுதிடுங்க."

"யோவ், யாருய்யா நீ?"

"இந்தச் சுவத்துக்காரன். அவரு குடுத்து அளந்தா எனக்குக் கம்மியாவும். நான் குடுத்தா அவருக்குக் கம்மியாவும். யாரும் குடுக்காம அளங்க சார், நெலம் உள்ளபடி இருக்கும்."

சர்வேயர் கவரைத் தொடவில்லை. வந்த கோபத்தில் ஒரு விரற்கடை விடாமல் மூன்று முறை அளந்தார். பிரியாணி ஆறிப்போனது. ரசீதுக்காரரின் சுவர் ஒன்றரை அடி என் மனைக்குள் நின்றது.

கோர்ட்டுக்கு இழுப்பார் என்று பயந்தேன். மறுநாள் காலையில் அவரே கடப்பாரையோடு சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க அவசரம்?" என்றேன்.

"அளந்தாச்சே. இனிமே இங்க குளிச்சா உங்க எடத்துல குளிக்கிறேன்னு ஆயிடும். ஒடம்புல தண்ணி ஒட்டாதுங்க."

உள்ளே தள்ளிப் புதுச்சுவர் எழுப்பினார். வாளி வைத்தால் ஆள் நிற்க முடியாது.

நானும் வீடு கட்டிவிட்டேன், அந்த ஒன்றரை அடியையும் ஒரு அறையையும் விட்டு. அவர் குளியலறை ஜன்னலுக்குக் கொஞ்சம் காற்று வரட்டும்.