கிழிசல் இல்லாத சிறுவர் பிரிவு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு நீண்ட காலம் சும்மா இருந்துவிட்டு, பொது நூலகத்தின் முதல் மாடியில் சிறுவர் பிரிவைத் திறந்தது. இந்த மூன்றில் நெருப்பு பலரைச் சுட்டிருக்கிறது. சக்கரம் பலர் மேல் ஏறியிருக்கிறது. சிறுவர் பிரிவால் மட்டும் இன்றுவரை எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லை.

போய்ப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். அலமாரி அலமாரியாகப் படப்புத்தகங்கள். ஒன்றிலாவது ஒரு மடிப்பு? ஒரு பிசுக்கு? ஒரு கிரேயான் கிறுக்கல்? மூச்! அத்தனையும் அச்சகத்திலிருந்து நேற்றுத்தான் வந்தது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். தலைமை நூலகர் விருந்தினர்களை அழைத்துப் போய், ஒரு புத்தகத்தைப் பிரித்து மூக்கருகே நீட்டுவார். "புது வாசனை இன்னும் போகலை பாத்தீங்களா? வாங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா!" என்பார். சிறந்த சிறுவர் பிரிவுக்கான கேடயம் வருஷா வருஷம் வழி தவறாமல் அவர் மேஜைக்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்பேர்ப்பட்ட புனிதத் தலத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மகளோடு வந்து சேர்ந்தார். மனிதர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று சாவகாசமாகத் திருகாணி முடுக்குவார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி நர்ஸ். சனிக்கிழமை காலையில் டியூட்டி. கிளம்பும்போதே உத்தரவு போட்டுவிட்டாள்.

"குழந்தைங்களைச் சின்ன வயசுலேயே லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். மூளை நல்லா வளருமாம். எங்க டாக்டரே சொன்னாரு. நீங்க பாட்டுக்கு அவ கையில போனைத் திணிச்சிட்டு உக்காந்துடாதீங்க."

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் கூப்பிடுவது 'வாண்டு' என்று. நூலக வாசலிலிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் அவள் மூக்கை அதில் அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே ஒரு புத்தகம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அட்டையில் ஒரு திமிங்கிலம். அதன் கண்ணிலிருந்து வாளித் தண்ணீர் அளவுக்கு ஒரு சொட்டு.

"அப்பா, இது ஏன் அழுவுது?"

"தெரியலையேடா."

"யாரு அடிச்சா?"

"மேல இதே புத்தகம் இன்னொண்ணு இருக்கும். உன் கையிலயே எடுத்துத் தரேன். நீயே பாரு, வா."

அந்த வாக்கைக் கொடுத்தபோது, பாவம், அவருக்கு நூலக விதிகள் தெரியாது.

மாடியில், வாசலை மறித்தாற்போல் போட்ட மேஜைக்குப் பின்னால் உதவி நூலகர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரலை வைத்து முதலில் மெக்கானிக்கின் செருப்புச் சத்தத்தை அடக்கினார். பிறகு, "நீங்க உள்ள போகலாம் சார். பாப்பா அந்த ஹால்ல உக்காரட்டும்" என்றார்.

"இது சிறுவர் பிரிவுதானே மேடம்?"

"ஆமா."

"இவ சின்னப் பொண்ணுதான்."

"பாத்தாலே தெரியுது சார். அதனாலதான் விட முடியலை."

"அப்ப பெரியவங்களுக்குத்தான் அனுமதியா?"

"பின்னே? கிழிக்காம படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தானே சார் சிறுவர் பிரிவு!"

இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு சோக வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் குழந்தைகளை உள்ளே விடும் இருண்ட வழக்கம் இங்கும் இருந்தது. அப்போது, பல் முளைத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை முயல் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து முயலின் காதைத் தின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. முயலுக்குத்தான் காது போயிற்று. உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு பலமுறை கூடியது, பிஸ்கட்டுகளைத் தின்றது, சேதத்தின் 'மூலகாரணத்தை'க் கண்டறிந்தது: நூல்களுக்கு நேரும் கேடு அனைத்துக்கும் வாசகர்களே பொறுப்பு.

அப்படிப் பிறந்ததுதான் 'பெற்றோர் வழி வாசிப்புத் திட்டம்'. பெற்றோர் உள்ளே போய்க் கதையை வாசிக்க வேண்டும். அதன் 'சாரத்தை' மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வெளியே வந்து, ஹாலில் காத்திருக்கும் குழந்தைக்கு அதை 'வழங்க' வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகும் பேச்சுக்கே இடமில்லை. வீடுகளில்தான் குழந்தைகள் இருக்கிறார்களே!

மெக்கானிக் மகளை ஹாலில் விட்டுவிட்டு உள்ளே போனார். குட்டிக் குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய மனிதர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். சீருடையில் வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர், காணாமல் போன கோழிக்குஞ்சை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். பேங்க் மேனேஜர் அம்மாள் யானையின் ஜலதோஷத்தில் மூழ்கியிருந்தார். வழக்கறிஞர் ஒருவர் பூனைக்குட்டி ஒன்றின் நிலைமையை நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

திமிங்கிலம் கிடைத்துவிட்டது. மெக்கானிக் உட்கார்ந்து படித்தார். அதற்கு யாருடனாவது கண்ணாமூச்சி விளையாட வேண்டுமாம். எங்கே ஒளிந்தாலும் உடம்பு வெளியே தெரிகிறது. எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால்தான் அழுகை. கடைசியில் கடலிலுள்ள மீன்களெல்லாம் கூடிப் பேசி, அது தெரியாத மாதிரியே நடிக்கின்றன. அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை படித்தார்.

ஹாலில் குழந்தைகள் கைகட்டி வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் 'நூல்களை நேசிப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மெக்கானிக் மகளுக்குச் சாரத்தை வழங்கினார். வாண்டு முழுதும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அவ்ளோ பெரிசு, எப்படிப்பா தெரியாம போகும்?"

"தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாங்க."

"எப்படி நடிப்பாங்க?"

அவர் கண்ணைப் பொத்திக் காட்டினார்.

"மீனுக்குத்தான் கையே கிடையாதே! படத்தைக் காட்டு."

"படம் உள்ள இருக்குடா."

"என் கையில தரேன்னு சொன்னியே?"

மெக்கானிக் மேஜையைப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. "அடுத்த வாரம்" என்றார்.

அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் வாண்டு, "இன்னைக்காவது தருவாங்களா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் இன்று கேட்டே விடுவது என்று படியேறுவார். மேஜையைக் கண்டதும் வணக்கம் வைத்துவிட்டு உள்ளே நழுவிவிடுவார். போன இடத்தில் சும்மா எப்படி இருப்பது? ஒரு கரடி, இரண்டு நரி என்று படித்துத் தள்ளினார். ஒரு நாள் மனைவி கேட்டாள்:

"வாண்டு எதுவரைக்கும் படிச்சிருக்கா?"

"நான் ஊர்வன எல்லாத்தையும் முடிச்சிட்டேன். இனிமே பறவைதான்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மூளை வளரணும்னு அனுப்பினது அவளை" என்றாள்.

ஆனால் உழைப்பு வீண் போகுமா? அந்த ஆண்டின் 'சிறந்த குழந்தை வாசகர்' விருது லிஃப்ட் மெக்கானிக்குக்கே வழங்கப்பட்டது. ஒரு பக்கத்தைக்கூட மடிக்காமல் அதிகப் புத்தகங்களைப் படித்த 'குழந்தை' அவர்தான். விழாவுக்கு நூலகத் துறை இயக்குநரே வந்திருந்தார். பதக்கத்தை மெக்கானிக்கின் கழுத்தில் மாட்டி, வாத்து படம் போட்ட டிபன் டப்பா ஒன்றைப் பரிசளித்து, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். "நல்லாப் படிச்சு பெரிய ஆளா வரணும்" என்றார். கூட்டம் உருகியது.

"உனக்கு வேற என்ன வேணும், கேளு" என்றார் இயக்குநர்.

மெக்கானிக் ஹாலின் கடைசி பெஞ்சைப் பார்த்தார். வாண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த மேடையில் மேஜை இல்லாதது நல்லதாகப் போயிற்று. எப்படியோ நாக்கு பிரிந்துவிட்டது.

"சார்... அந்தத் திமிங்கிலப் புத்தகத்தை எம் பொண்ணு ஒரே ஒரு தடவை கையில வச்சுப் பாக்கணும்."

தலைமை நூலகருக்கு முகம் வெளுத்தது. யாரோ இருமினார்கள். போட்டோகிராபர்தான் காப்பாற்றினார். "நல்ல ஐடியா சார்! குழந்தையும் புத்தகமும் ஒண்ணா இருக்கிற மாதிரி நம்மகிட்ட ஒரு போட்டோகூட இல்லை."

சிறப்பு அனுமதி அந்த இடத்திலேயே கிடைத்தது. வாண்டுவின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, மேடைக்குக் கூட்டி வந்தார்கள். தலைமை நூலகர் இரண்டு கையாலும் புத்தகத்தை ஏந்தி வந்து அவள் கையில் வைத்தார். வாண்டுவின் கட்டைவிரல் மெல்ல அட்டைக்கு அடியில் நுழைந்தது.

"திறக்கக்கூடாதும்மா! அட்டை தெரியணும். இங்க பாரு. சிரி."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அது அணைவதற்குள் புத்தகம் தலைமை நூலகர் கைக்குத் திரும்பிவிட்டது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாண்டு அழவில்லை. அப்பாவிடம் வந்து, "திமிங்கிலம் ரொம்ப கனமா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அழுதிருந்தால் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பார். இதற்கு என்ன செய்வது? மெக்கானிக்குக்குத் தன் மேலேயே அவ்வளவு வெறுப்பாக இருந்தது. இத்தனை சனிக்கிழமைகள் தான் சுகமாக உட்கார்ந்து படித்ததும், இவள் பெஞ்சில் கைகட்டிக் கிடந்ததும் அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

எல்லோரும் டீ குடிக்கக் கீழே போன நேரம். பதக்கம் போட்ட குழந்தையை யார் தடுப்பார்கள்? அவர் நேரே சிறுவர் பிரிவுக்குள் போனார், திமிங்கிலத்தை எடுத்தார், கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அதை நீவிவிட்டு, அடிமட்டம் வைத்தது போல நேராகக் கிழித்தார். டிபன் டப்பாவில் போட்டு மூடினார். மேஜையைத் தாண்டும்போது இந்தத் தடவை வணக்கம்கூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை நூலகமே அதிர்ந்தது. விசாரணைக் குழு கூடியது, மறுபடியும் பிஸ்கட். கிழித்தவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. மெக்கானிக்கே வந்து, "நான்தான்" என்று சொல்லிவிட்டார். குழு ஆழ்ந்து யோசித்துத் தீர்ப்பளித்தது: 'கிழித்தவர், இந்நூலகத்தாலேயே விருதளிக்கப்பட்ட குழந்தை வாசகர். ஆகவே குழந்தைகள் நூல்களைக் கிழிப்பார்கள் என்ற நம் கொள்கை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.' "நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், யாராவது கேட்டீங்களா?" என்றார் தலைமை நூலகர். பதக்கம் பறிக்கப்பட்டது. மெக்கானிக்குக்கு நூலகத்தில் ஆயுட்காலத் தடை. இனிமேல் பெற்றோருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்று முடிவாயிற்று. இன்ஸ்பெக்டருக்குத்தான் மனசே ஆறவில்லை. அவர் அந்தக் கோழிக்குஞ்சை இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை.

இப்போது சிறுவர் பிரிவு முன்னைவிட நன்றாக நடக்கிறது. வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறார்கள். இந்த வருஷமும் கேடயம் அங்கேதான்.

கிழிந்த பக்கத்தின் கதிக்கு வருவோம். டிபன் டப்பாவைத் திறந்ததும் வாண்டு அந்தப் பக்கத்தைத் தரையில் விரித்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். சின்ன ஒரு படகுக்குப் பின்னால் மலை போல ஒளிந்திருக்கிறது திமிங்கிலம். சுற்றிலும் மீன்கள் துடுப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கின்றன. வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இங்க பாரு! இந்த நண்டு மட்டும் திருட்டுத்தனமா எட்டிப் பாக்குது! நீ நண்டைப் பத்திச் சொல்லவே இல்லையே?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மூலையில் ஒரு நண்டு. எத்தனை வாரம் படித்தார், கண்ணில் படவே இல்லை.

மறுநாள் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பிறகு எதிர்வீட்டுக்கு, பிறகு அடுத்த தெருவுக்கு. ஒரு குழந்தை அதன்மேல் பாலைக் கொட்டியது. இன்னொன்று திமிங்கிலத்துக்கு மீசை வரைந்தது. ஓரத்தில் பல் பதிந்த அடையாளம்கூட இருக்கிறது. நூலகத்தில் பத்திரமாக இருக்கும் பக்கங்களில் ஒன்றைக்கூட அந்த ஊர்க் குழந்தைகள் பார்த்ததில்லை. அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து படித்திருப்பது ஒரே ஒரு பக்கம். அதையும் ஒருவர் திருடித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.